முகம் கொடுக்கிற வேலை

ஜூன் 5, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் எல்லோருக்கும் ஒரு டைரி கொடுத்தார். பெல்சி சிஸ்டர் தன்னுடையதை என்னிடம் தந்துவிட்டார். "நீ வாயத் தொறந்து பேசமாட்ட. இதுலயாவது பேசு பிள்ளே" என்றார். ஐந்து மாதம் அலமாரியில் கிடந்தது. இன்று எடுத்ததற்குக் காரணம் ஒன்றுமில்லை. இட்லி வேகக் காத்திருந்தேன்.

முதல் பக்கத்தை நிரப்பினேன். பெயர்: சங்கவி. வயது: 18. வேலை: உதவியாளர், டயாலிசிஸ் பிரிவு. படிப்பு என்ற இடத்தில் பதினொன்று என்று எழுதி, பக்கத்தில் 'பாதி' என்று சேர்த்தேன். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்த வருஷம் அது. அண்ணன் அப்போதுதான் கோயம்புத்தூரில் காலேஜில் சேர்ந்திருந்தான். நானாகத்தான் நின்றுகொண்டேன். யாரும் நில் என்று சொல்லவில்லை.

எங்கள் பிரிவில் எட்டுக் கட்டில், எட்டு மெஷின். காலை ஆறரைக்கு எட்டுப் பேர், அவர்கள் இறங்கியதும் இன்னும் எட்டுப் பேர். ஒவ்வொருவரும் வாரம் மூன்று முறை, நான்கு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். விரிப்பு மாற்றுவது, துடைப்பது, பிஸ்கட் கொடுப்பது, எடை பார்ப்பது என் வேலை. இதில் எடைதான் முக்கியம். கிட்னி வேலை செய்யாதவர்களுக்குக் குடித்த தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும். போன முறை இறங்கியபோது இருந்த எடையைவிட இன்று எவ்வளவு கூடியிருக்கிறதோ, அவ்வளவு தண்ணீரை மெஷின் எடுக்கும். நிற்க முடியாதவர்களைச் சக்கர நாற்காலியோடு எடை மேடையில் ஏற்றுவோம். நாற்காலிக்குப் பதினாறு கிலோ கழித்துக்கொள்ள வேண்டும். நாச்சிமுத்து ஐயாவுக்கு அப்படித்தான்.

நான் கழித்து எழுதுவதற்குள் பெல்சி சிஸ்டர் அவர் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "ரெண்டரை" என்பார். என் தாளிலும் இரண்டரைதான் இருக்கும்.

இட்லி கொஞ்சம் குழைந்துவிட்டது.

ஜூன் 7, புதன்

பெல்சி சிஸ்டருக்கு ஊர் தக்கலைப் பக்கம். இங்கே நர்ஸ்கள் தங்கும் ஹாஸ்டலில் நான்கு வருஷமாக இருக்கிறார். எங்கள் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. அம்மாவை இந்த ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது என்னைப் பார்த்து, இந்த வேலைக்குச் சொல்லிவிட்டவரும் அவர்தான்.

மெஷினை ஓட்டுவது தினகரன் பிரதர். அவர் டெக்னீஷியன். ஆனால் நோயாளிகள் யாரும் அவரைப் பிரதர் என்று கூப்பிடுவதில்லை. 'சார்' என்பார்கள். நாச்சிமுத்து ஐயா 'டாக்டரு தம்பி' என்பார். "நான் டாக்டர் இல்லீங் ஐயா" என்று முதலில் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது சொல்வதில்லை.

தினகரன் பிரதர் பேசாமல் மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றால், வேலையில் கவனமாக இருக்கிறார் என்பார்கள். சிஸ்டர் பேசாமல் நின்றால், "ஏனுங் சிஸ்டரு, இன்னைக்கு மூஞ்சி சரியில்லையே, வூட்ல சண்டையா?" என்று கேட்பார்கள். சிஸ்டர் அதற்கும் சிரிக்க வேண்டும். போன வருஷமெல்லாம் சிரித்தார். ஒவ்வொரு கட்டிலிலும் நின்று, யார் மகளுக்கு வளைகாப்பு, யார் மாடு கன்று போட்டது என்று எல்லாம் கேட்பார்.

இப்போது கட்டில் எண்ணைச் சொல்கிறார். "மூணுக்கு பிரஷர் பாரு. ஆறுக்கு பிஸ்கட்டு குடு."

ஜூன் 9, வெள்ளி

வாசலில் ஒரு கருத்துப் புத்தகம் கயிற்றில் கட்டித் தொங்கும். தேதி, பெயர், கருத்து, எடுக்கப்பட்ட நடவடிக்கை என்று நான்கு கட்டம். பக்கத்துக்குப் பக்கம் எண் அச்சடித்தது. சோதனைக்கு வருகிறவர்கள் பார்ப்பார்கள் என்பதால் கிழிக்கக் கூடாது. இன்று அதில் நாச்சிமுத்து ஐயாவின் மகன் பூபதி எழுதியிருந்தார்: "டெக்னீஷியன் சார் நல்ல கெட்டிக்காரர். பொறுப்பு சிஸ்டர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை."

மேனேஜர் சிஸ்டரைக் கூப்பிட்டு அதை வாசித்தார். நான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இது ரெண்டாவது தடவைங் சிஸ்டர். வேலையில ஒரு குத்தமும் சொல்லல நானு. கொஞ்சம் மொகம் மலர்ச்சியா இருந்தா என்னங்? அதென்ன காசா பணமா?"

"சரி சார்."

"இன்னொரு புகார் வந்துதுன்னா பெரிய டாக்டரு வேற ஆளப் பாக்கச் சொல்லிப்போடுவாரு. அப்பறம் என்னையச் சொல்லிப் புண்ணியமில்ல."

"சரி சார்."

நான்காவது கட்டத்தில் மேனேஜர் 'சிஸ்டருக்கு அறிவுறுத்தப்பட்டது' என்று எழுதினார். சிஸ்டர் தண்ணி ரூமுக்குப் போனார். மெஷின்களுக்கு வேண்டிய தண்ணீரைச் சுத்தம் செய்கிற பெரிய குழாய்களும் மோட்டாரும் இருக்கிற அறை அது. எப்போதும் 'ம்ம்ம்' என்று ஒரே சத்தம். அங்கே ஒரு மீட்டர் இருக்கிறது. சிஸ்டர் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை போய் அந்த மீட்டரைப் பார்க்கிறார். கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார்.

ஜூன் 12, திங்கள்

மூன்று நாளாகத் தெருக்குழாயில் தண்ணீர் இல்லை. லாரித் தண்ணீர்தான்.

ஜூன் 13, செவ்வாய்

அப்பாவுக்கு மில்லில் இரவு வேலை. நான் காலையில் கிளம்பும்போது அவர் வந்துவிடுவார். நான் திரும்ப இரண்டரை ஆகும். நடுவில் அப்பா எழுந்து அம்மாவுக்குச் சோறு ஊட்டிவிடுவார். பக்கத்து வீட்டு அக்கா தெருவெல்லாம் அதைச் சொல்லும். "இந்தக் காலத்துல பொண்டாட்டிக்குச் சோறூட்டி உடற ஆம்பள எங்க இருக்கறாங்க? பானுமதி குடுத்து வச்சவ" என்று இன்றும் சொன்னது.

துணி மாற்றுவது மட்டும் நான் வந்துதான். அப்பாவுக்கு அது கை வராது.

அம்மாவுக்குப் பேச்சில் ஒரு சொல்தான் மிஞ்சியிருக்கிறது. 'வா.' தண்ணீர் வேண்டுமானாலும் வா. ஃபேனைப் போடச் சொல்லவும் வா. போ என்பதற்கும் வாதான். இன்று சாயங்காலம் நான் பின்னால் இருந்தபோது பலமுறை கூப்பிட்டாளாம். குழாயில் தண்ணீர் விழும் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

ஜூன் 14, புதன்

ஏதோ நர்சிங் காலேஜிலிருந்து ஒரு பெண் வந்து படிவம் கொடுத்துவிட்டுப் போனாள். நோயாளிகளைக் கவனிக்கிறவர்களின் சோர்வு பற்றி ஆராய்ச்சியாம். இருபது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் இல்லை, சில நேரம், அடிக்கடி, எப்போதும் என்று நான்கு கட்டம். பெயர் எழுத வேண்டாம். ஆணா பெண்ணா, என்ன வேலை, எத்தனை வருஷம் என்று மட்டும் எழுத வேண்டும். சிஸ்டருக்கும் பிரதருக்கும் ஒவ்வொன்று. உதவியாளர்களுக்கு இல்லை.

தினகரன் பிரதர் டீ குடித்து முடிப்பதற்குள் மேலிருந்து கீழே எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டார்.

சிஸ்டர் இரண்டு கட்டிலுக்கு நடுவில் நின்றபடி என்னிடம் நீட்டினார். "ஒனக்க கையெழுத்து நல்லாருக்குமே. நீயே போட்டுரு."

"என்ன போடோணுங்க சிஸ்டர்?"

"எல்லாத்துக்கும் இல்லன்னு போடு. தளர்ச்சி இல்ல, கோவம் இல்ல, ஒண்ணும் இல்ல. கேட்டியா?"

அதற்குள் இரண்டாவது ஷிப்ட் வந்துவிட்டது. படிவத்தைப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மாவுக்குத் துணி மாற்றி, முதுகில் பவுடர் போட்டு, விளக்கேற்றும் நேரத்தில் எடுத்துப் பார்த்தேன். யாரோ யோசித்துக் கேட்ட கேள்விகள்தான். என்னிடம் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. சிஸ்டரிடம் என்று எழுத வந்தேன்.

ஆறாவது கேள்வி: 'ஒருவர் உங்களை அழைக்கும்போது கேட்காததுபோல் இருந்ததுண்டா?' இதற்கு நெடுநேரம் யோசித்தேன்.

பதினேழாவது: 'பணி முடிந்து வீட்டுக்குச் சென்ற பின்பும் இதே வேலை தொடர்கிறதா?'

சிஸ்டர் சொன்னபடி போடவில்லை. எனக்குத் தெரிந்ததைப் போட்டேன். யாருக்குத் தெரியப்போகிறது, பெயரில்லாத தாள்.

ஜூன் 16, வெள்ளி

படிவங்களை உறையில் போட்டு மேனேஜர் மேசையில் வைத்தேன். அந்தப் பெண் அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொள்வாள். உறையை ஒட்டப் பசை இல்லை. மடித்து வைத்தேன்.

ஜூன் 18, ஞாயிறு

அண்ணன் வந்திருந்தான். பை நிறைய அழுக்குத் துணி. துவைத்துப் போட்டேன். காலேஜில் செமினார் பேச வேண்டுமாம், கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தான். நன்றாகப் பேசுகிறான்.

சாப்பிடும்போது, "உனக்கென்ன சங்கவி, எடை பாத்து எழுதற வேலை. டென்ஷனே கெடையாது" என்றான்.

அம்மா 'வா' என்றாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் நான் எழுந்து போனேன். நானும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

ஜூன் 21, புதன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலையில் ஏதோ சங்கத்துக்காரர்கள் கொடுத்ததாகப் புது சக்கர நாற்காலி ஒன்று வந்திருந்தது. நீல நிறம், அகலமான இருக்கை. பழையதைப் பழுது பார்க்க எடுத்துப் போய்விட்டார்கள். நாச்சிமுத்து ஐயாவைப் புது நாற்காலியில் உட்காரவைத்து எடை மேடைக்குத் தள்ளினேன். எழுபத்தைந்தரை. பதினாறு கழித்து ஐம்பத்தொன்பதரை என்று எழுதினேன். போன முறை இறங்கிப் போனது ஐம்பத்தைந்து.

தினகரன் பிரதர் தாளைப் பார்த்துச் சிரித்தார். "நாலரைங் ஐயா! கெணத்துக்குள்ளயே எறங்கிக் குடிச்சீங்களாட்ட இருக்குது."

"அடச் சாமி, நானுங்களா? ஒரு டம்ளரு தாண்டலீங்க டாக்டரு தம்பி. மருமவளக் கேட்டுப்பாருங்."

"எல்லாரும் அப்படித்தானுங் சொல்றீங்."

சிஸ்டர் அந்த வழியாக இரண்டு முறை போனார். காலை அழுத்திப் பார்க்கவில்லை. பூபதி, "இன்னைக்கும் சிஸ்டரு நம்மளக் கண்டுக்கல" என்று மற்றவர்களுக்குக் கேட்கும்படி சொன்னார்.

மூன்று மணி நேரம் ஆனபோது ஐயாவுக்குக் கால் இழுத்துக்கொண்டது. "அம்மிணி, அம்மிணி" என்று என்னைத்தான் கூப்பிட்டார். நான் போவதற்குள் முகம் வெளுத்துக் கண் சொருகிவிட்டது. சிஸ்டர் ஓடிவந்து தலைப் பக்கத்தைத் தாழ்த்தி, காலை உயர்த்தி, தண்ணீர் எடுப்பதை நிறுத்தச் சொல்லி, சலைனைத் திறந்துவிட்டார். கால் மணி நேரத்தில் ஐயா கண் விழித்தார். "எங்கீங் இருக்கறன்?" என்றார். சிஸ்டர் அவர் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே, "எனக்க பக்கத்துலதான் இருக்கிய ஐயா" என்றார். போன வருஷத்துக் குரல்.

பிறகு கணுக்காலைத் தொட்டுப் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எந்தச் சேர்ல எட பாத்த பிள்ளே?"

சுவரோரம் நின்றதைக் கை காட்டினேன். அவரே போய் நீல நாற்காலியை மேடையில் ஏற்றினார். பதினெட்டு. இரண்டு கிலோ. இல்லாத தண்ணீரை அவர் உடம்பிலிருந்து எடுத்திருக்கிறோம்.

ஜூன் 22, வியாழன்

மேனேஜர் அறையில் விசாரணை. எடை எழுதியது நான். மெஷினில் அந்த எண்ணைப் போட்டது தினகரன் பிரதர். ஆனால் எங்கள் இருவரையும் சுவரோரம் நிற்கச் சொல்லிவிட்டு, சிஸ்டரிடம்தான் பேசினார்.

"நீங்க பாத்திருந்தா இது நடந்திருக்காதில்லீங்?"

"நடந்திருக்காது சார்."

மேனேஜர் மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அந்தப் படிவம்.

"பேரில்லைன்னாலும் பெண், செவிலியர், நாலு வருசம்னா நீங்கதானுங். பாருங்: காலையில எந்திரிக்கவே பிடிக்கல, எப்போதும். கூப்பிட்டாக் கேக்காத மாதிரி இருக்கறது, அடிக்கடி. இப்படிச் சோந்துபோன ஆளு கையில உசுர நம்பிக் குடுக்க முடியுமாங்? இதோ தினகரனும் எழுதியிருக்காரு, எல்லாத்துக்கும் இல்லைன்னு. அவரும் இதே வேலைதான செய்யறாரு."

சிஸ்டர் தாளை வாங்கிப் படித்தார். நிதானமாக, இருபது கேள்வியையும். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 'இது நான் போட்டதில்லை' என்று அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லட்டும் என்றும் இருந்தது, சொல்லிவிடக் கூடாதே என்றும் இருந்தது.

தாளை மடித்து மேசைமேல் வைத்தார். "எனக்க கவனக்கொறவுதான் சார்."

"திங்கக்கெழம பெரிய டாக்டரு வர்றாரு. அவரு முடிவு பண்ணட்டும். என்னையக் கேட்டா வேற ஆளுதான்."

வெளியே வந்ததும் தினகரன் பிரதர் என்னிடம், "நானும் ஒரு வார்த்த அந்த ஐயா சொன்னத நம்பியிருக்கோணும்" என்றார். அவர் அதைச் சிஸ்டரிடம் சொல்லியிருக்கலாம். நானும்தான்.

ஜூன் 23, வெள்ளி

சிஸ்டர் என்னிடம் கோபப்படவில்லை. ஒன்றுமே கேட்கவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு மணிக்கு விரிப்புகளைக் கூடையில் போட்டுக்கொண்டு தண்ணி ரூமைத் தாண்டியபோது உள்ளேயிருந்து கூப்பிட்டார். மோட்டார் சத்தத்தில் அவர் குரல் சின்னதாகக் கேட்டது.

"பதினேழாவது கேள்வி என்னன்னு ஓர்ம இருக்கா?"

தலையாட்டினேன்.

"எப்போதும்னு போட்டிருக்க. ஹாஸ்டல் ரூம்ல எனக்கு ஒரு கட்டிலும் ஒரு ஃபேனும் உண்டு பிள்ளே. ஃபேனுக்கு நான் துணி மாத்தி விடுகேனா?"

படிவத்தின் ஓரத்தில், பதினேழாவது கேள்விக்குப் பக்கத்தில், 'துணி மாற்றுவதும்' என்று சின்ன எழுத்தில் எழுதியிருந்தேன். ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. டிக் போதவில்லை என்று தோன்றியிருக்கும்.

"காலம்பற எத்தன மணிக்கு எந்திக்க?"

"நாலுங்க."

"அண்ணன்?"

"அவன் படிக்கறானுங்க."

"அப்பா?"

"அப்பா சோறு ஊட்டி உடுவாருங்க சிஸ்டர். நெறையாப் பேரு அதுகூடச் செய்யறதில்லைங்க."

சிஸ்டர் மீட்டரைப் பார்த்தார். இந்தத் தடவை கண்ணைத் திறந்து பார்த்தார்.

"மத்த பத்தொம்பதும் எனக்கதும்தான். நீ எனக்குன்னு நெனச்சுப் போட்டியா, ஒனக்குன்னு நெனச்சுப் போட்டியான்னு நான் கேக்கல்ல."

ஜூன் 25, ஞாயிறு

குழாய்ச் சத்தம் என்று பதின்மூன்றாம் தேதி எழுதியிருக்கிறேன். அன்று குழாயில் தண்ணீர் வரவில்லை. பின்னால் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். அம்மா கூப்பிட்டது கேட்டது. பதினோரு முறை கூப்பிட்டாள்.

நடந்ததைச் சொல்லி இந்த வேலையும் போய்விட்டால் நான் முழு நாளும் வீட்டில்தான். சிஸ்டர் போய்விட்டால் யாரும் என்னிடம் காலையில் எத்தனை மணிக்கு எழுந்தாய் என்று கேட்கப்போவதில்லை. இரண்டில் எதற்கு அதிகம் பயப்படுகிறேன் என்று பார்த்தேன். இரண்டாவதற்குத்தான்.

ஜூன் 26, திங்கள்

பெரிய டாக்டர் பதினோரு மணிக்கு வருவதாக இருந்தது. மேனேஜர் அறை வாசல்வரை மூன்று முறை போனேன். கதவைத் தட்டக் கை எழவில்லை. நான்காவது முறை போகும்போது கருத்துப் புத்தகம் தோளில் இடித்தது. நின்றபடியே எழுதினேன். பெயர் என்ற இடத்தில் சங்கவி. கருத்து என்ற இடத்தில் இதை:

'நான் இங்கே வேலை செய்கிறேன். 21ஆம் தேதி புது நாற்காலிக்குப் பழைய நாற்காலியின் எடையைக் கழித்தது நான். சிஸ்டரின் படிவத்தை நிரப்பியதும் நான். அதில் உள்ள பதில்கள் என்னுடையவை. சிஸ்டர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று முன்பு எழுதியிருக்கிறார்கள். ஒரு நாளைக்குப் பதினாறு பேருக்கு அவர் முகம் கொடுக்கிறார், நான்கு வருஷமாக. அவருக்கு யாரும் கொடுத்து நான் பார்க்கவில்லை. நானும் கொடுத்ததில்லை.'

கட்டம் போதாமல் நடவடிக்கை எழுதுகிற இடத்துக்குள் கொஞ்சம் போய்விட்டது.

நாச்சிமுத்து ஐயா எடைக்காக வாசலில் நாற்காலியில் காத்திருந்தார். "என்ன அம்மிணி எழுதறே? எனக்கும் படிச்சுக் காட்டு" என்றார். படித்தேன். அவ்வளவு நீளமாக வெளியாள் ஒருவர் முன்னால் நான் பேசியது இதுதான் முதல் தடவை. பூபதியும் பக்கத்தில் நின்றார். அவர் செல்போனைப் பார்ப்பதுபோல் இருந்தார்.

ஐயா, "இன்னொண்ணும் அதுல சேத்து எழுது சாமி" என்றார்.

"என்னங் ஐயா?"

"அன்னைக்கு நாச்சிமுத்து ஒரு டம்ளருக்கு மேல தண்ணி குடிக்கலைன்னு எழுது. என்ற மருமவ இன்னைக்கு வரைக்கும் நம்பல. எனக்கு அது முக்கியம்."

எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டார். கை நடுங்கியதால் 'முத்து' மட்டும்தான் தெளிவாக விழுந்தது.

மேனேஜர் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இதக் கிழிக்கவும் முடியாதே" என்றார். புத்தகத்தைக் கயிற்றோடு அவிழ்த்துக்கொண்டு பெரிய டாக்டர் அறைக்குப் போனார். சிஸ்டரைக் கூப்பிட்டார்கள். அரை மணி நேரம் கழித்து வந்த சிஸ்டர் கையுறையை மாட்டிக்கொண்டு ஐயா படுத்திருந்த மூன்றாம் கட்டிலுக்குப் போனார். போகிற போக்கில் என்னிடம், "எனக்க பதிலயும் சேத்து ஒனக்கதுன்னு எழுதிட்டியே. பாதி பொய்யி" என்றார்.

"போகச் சொல்லிட்டாங்களாங்க சிஸ்டர்?"

"இல்ல. நாந்தான் போறேன்னேன். பதினஞ்சு நாளு லீவு. நாலு வருசத்துல நான் இதுவர கேட்டதே இல்லியாம், பெரிய டாக்டருக்கே அதிசயம். திரும்பி வரணும்னும் சொல்லியிருக்காரு."

"வருவீங்களாங்க?"

சிஸ்டர் ஐயாவின் கணுக்காலை அழுத்தினார். "ரெண்டு" என்றார். என் தாளில் இரண்டு இருந்தது. என் கேள்விக்குப் பதிலும் அதுதானா என்று தெரியவில்லை. இரண்டு வாரம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 28, புதன்

புத்தகம் திரும்பவும் கயிற்றில் தொங்குகிறது. நான் எழுதியதற்கு நேராக, மிச்சமிருந்த கொஞ்ச இடத்தில், மேனேஜர் எழுதியிருக்கிறார்: 'எல்லா நாற்காலிகளிலும் எடை எழுதி ஒட்டப்பட்டது.'

ஒட்டியதும் நான்தான்.

ஜூலை 1, சனி

சிஸ்டர் ஊருக்குப் போய் நான்கு நாள் ஆகிறது. பதிலுக்கு வேறு பிரிவிலிருந்து ஒரு சிஸ்டர் பாதி நாள் மட்டும் வருகிறார். மீதி நேரம் எல்லாவற்றுக்கும் தினகரன் பிரதர்தான். "சார், எனக்கு அரிக்குது." "தம்பி, என்ற மவன் போனே எடுக்கறதில்லீங், நீங்க ஒரு வார்த்த பேசுங்." "சார், பயமா இருக்குது, பக்கத்துல உக்காருங்."

பதினொன்றரைக்குத் துடைப்பம் எடுக்கத் தண்ணி ரூமுக்குப் போனேன். தினகரன் பிரதர் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். கண்ணைத் திறந்தார்.

"மீட்டர் பாக்கறேன்" என்றார்.

"பாருங்க பிரதர்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன். ஐந்து நிமிஷம் கட்டில்களை நான் பார்த்துக்கொண்டேன். ஆறாம் கட்டில் அம்மாவிடம், "மக வளைகாப்பு எப்பங்க?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கேட்டுவிட்டு ஓடிவந்துவிட்டேன். ஆனால் கேட்டேன்.

ஜூலை 3, திங்கள்

ஒரு மெஷின் பழுது. இரண்டாவது ஷிப்ட் தாமதமாகத்தான் தொடங்கியது. நான்கு மணி வரை இருக்க முடியுமா என்று பிரதர் கேட்டார். சரி என்று சொல்லிவிட்டுத் தண்ணி ரூமுக்குள் போய் அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"அப்பா, நான் வர நாலரை ஆகும். அம்மாவுக்குத் துணி மாத்தி உட்டுருங்க."

மோட்டார் 'ம்ம்ம்' என்றது.

"அதெப்படிக் கண்ணு, எனக்கு அதெல்லாம்..."

"அலமாரியில ரெண்டாந்தட்டுல மடிச்சு வச்சிருக்கறேன். ஒருச்சாய்ச்சுப் படுக்க வச்சுட்டு மாத்தோணும். சுடுதண்ணியில தொடச்சு உடுங்க. பவுடரு சன்னல்ல இருக்குது."

"நீ வந்துருவீல்ல?"

"வர முடியாதுங்கப்பா."

போனை வைத்துவிட்டு விரிப்பு மாற்றப் போனேன்.

நாலே முக்காலுக்கு வீடு. அப்பா வாசல் படியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. கொடியில் அம்மாவின் துணி காய்ந்துகொண்டிருந்தது. பிழியாமலே போட்டிருக்கிறார், சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே அம்மா உலர்ந்த புடவையில் படுத்திருந்தாள். வேட்டி கட்டுவதுபோல் இடுப்பைச் சுற்றிச் செருகியிருந்தது. கழுத்து, கன்னம், காதெல்லாம் பவுடர். தலையணையிலும் பவுடர்.

கை கால் கழுவிக்கொண்டு சோற்றைப் போட்டு உட்கார்ந்தேன். அப்பா உள்ளே வந்து சுவரோரம் நின்றார்.

"வா" என்றாள் அம்மா.

தட்டைக் கீழே வைத்து எழுந்தேன். அம்மா என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

நான் உட்கார்ந்து சாப்பிட்டேன்.